சி டிரைவ் நிறைந்துவிட்டதா? டேட்டா போகாமல் பார்ட்டிஷன் அளவை மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

‘திஸ் பிசி’யைத் திறந்தால் சி டிரைவுக்குக் கீழே சிவப்புக் கோடு. பக்கத்திலேயே டி டிரைவ் முக்கால்வாசி காலி. கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர்களில் இந்தக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. விண்டோஸ் 7 இருந்த காலத்தில் சி டிரைவுக்கு 100 ஜிபி ஒதுக்கினால் தாராளமாகப் போதும். அந்தப் பழக்கம் அப்படியே தொடர்கிறது. இன்றைய விண்டோஸ், அதன் அப்டேட்கள், நாம் போடும் சாஃப்ட்வேர்கள் எல்லாம் சேர்ந்து அந்த 100 ஜிபியைச் சீக்கிரமே நிரப்பிவிடுகின்றன.

டி-யில் காலியாகக் கிடக்கும் இடத்தை சி-க்கு எடுத்துக் கொடுக்க முடியும். போட்டோ, கணக்கு, பிள்ளைகளின் பாடம் எதுவும் போகாமலே முடியும். ஆனால் எந்த வேலை ஒரு நிமிடத்தில் முடியும், எது ஐந்து மணி நேரம் இழுத்து நடுவில் கரண்ட் போனால் எல்லாவற்றையும் கொண்டுபோகும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். அந்த வேறுபாட்டைப் புரியவைக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு முன், சிவப்புக் கோடு உண்மையான தேவையால் வந்ததா, குப்பையால் வந்ததா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று தெரியும். விண்டோஸைப் புது வெர்ஷனுக்குச் சமீபத்தில் மாற்றியவர்களிடம் பழைய விண்டோஸ் ஃபோல்டர் 20 ஜிபிக்கு மேல் அப்படியே கிடக்கலாம். டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் அப்படித்தான். அதைத் துடைத்தாலே போதும் என்றால் பார்ட்டிஷனைத் தொடவே வேண்டாம்.

வேலியும் வீட்டு எண்ணும்

ஹார்ட் டிஸ்க்கை ஒரு நீளமான மனையாக நினைத்துக்கொள்ளுங்கள். சி, டி என்று பிரித்த ஒவ்வொரு துண்டும் ஒரு பார்ட்டிஷன். இந்த மனையில் இங்கிருந்து இதுவரை சி, அதற்கடுத்து இதுவரை டி என்று எழுதி வைத்திருக்கும் பட்டாதான் பார்ட்டிஷன் டேபிள். பழைய எம்பிஆர் முறையில் அது டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள் இருக்கும்; நான்கு பிரைமரி பார்ட்டிஷனுக்குத்தான் அதில் இடம், 2 டிபிக்கு மேல் அதற்குக் கணக்கு எட்டாது. புதிய ஜிபிடி முறையில் விண்டோஸ் 128 பார்ட்டிஷன் வரை அனுமதிக்கிறது. பட்டாவின் நகல் ஒன்று டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும்.

பட்டாவில் எழுதிய எல்லைக்குள் ஃபைல்களை எங்கே வைத்திருக்கிறோம் என்று கணக்கு வைத்திருப்பது ஃபைல் சிஸ்டம். விண்டோஸில் அது பெரும்பாலும் என்டிஎஃப்எஸ். அது தன் கணக்கை எப்போதும் இடது எல்லையிலிருந்து எண்ணுகிறது. தெரு முனையில் இருக்கும் முதல் வீடு 1, அடுத்தது 2 என்று கதவு எண் போடுவது மாதிரி.

இப்போது வலது வேலியை நகர்த்தினால் என்ன ஆகும்? இடதிலிருந்து எண்ணிய கதவு எண் ஒன்றும் மாறாது. தெரு கொஞ்சம் நீள்கிறது, அவ்வளவுதான். வலது பக்கம் காலி இடம் இருந்தால் பட்டாவில் ஒரு எண்ணை மாற்றி, ஃபைல் சிஸ்டத்தில் சில குறிப்புகளைத் திருத்தினால் சில நொடிகளில் முடிந்துவிடும். சுருக்குவதும் ஏறக்குறைய அப்படித்தான். வலது ஓரத்தில் ஏதாவது வீடு இருந்தால் அதை மட்டும் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும்.

இடது வேலியை நகர்த்தினால் கதை வேறு. கதவு எண் 1 எங்கே தொடங்குகிறதோ அந்த இடமே மாறுகிறது. அதனால் பார்ட்டிஷனில் உள்ள அத்தனையையும் ஒன்றுவிடாமல் பெயர்த்தெடுத்துப் புது இடத்தில் எழுதியாக வேண்டும். சி-யை நீட்ட டி-யின் இடது பக்கத்தில் இடம் எடுப்பது என்றால் நாம் செய்வது இதைத்தான். திரையில் ஒரு கோட்டை மவுஸால் இழுப்பது போலத் தெரியும். உள்ளே நடப்பது முழு டி டிரைவின் இடமாற்றம்.

விண்டோஸோடு வரும் டிஸ்க் மேனேஜ்மென்ட் வலது வேலியை மட்டும்தான் நகர்த்தும். விஸ்டாவிலிருந்து இன்றுவரை அப்படித்தான். டி-யைச் சுருக்கி 100 ஜிபி காலி செய்துவிட்டு சி-யில் ரைட் கிளிக் செய்தால் ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ மங்கலாகவே இருக்கும். பலரும் குழம்புவது இங்கேதான். டி-யைச் சுருக்கியதால் கிடைத்த காலி இடம் டி-க்கு வலது பக்கத்தில் இருக்கிறது. சி-க்குப் பக்கத்தில் இல்லை. நடுவில் டி நிற்கிறது.

முதலில் பேக்கப், அதுவும் வேறு டிஸ்க்கில்

சில வருடங்களுக்கு முன் என் மச்சானின் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் டி-யை நகர்த்த உட்கார்ந்தேன். வெளியில் இருந்து வாங்கிய ஒரு டூல். சி 100 ஜிபி, டி 831 ஜிபி. மதியம் தொடங்கியது, மூன்று மணி நேரத்தில் பாதியைத் தாண்டவில்லை. அப்போது கரண்ட் போனது. யுபிஎஸ் இருந்தது, ஆனால் அதன் பேட்டரி பத்து நிமிடம்தான் தாங்கியது. கரண்ட் திரும்பி வந்தபோது டி டிரைவின் பாதி பழைய இடத்திலும் பாதி புது இடத்திலும் இருந்தது. விண்டோஸ் அதை ஃபார்மட் செய்யச் சொல்லிக் கேட்டது. அவர்களுடைய கல்யாண போட்டோக்கள் அதில்தான் இருந்தன. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை வைத்து இரண்டு நாள் தோண்டி நிறைய படங்களை எடுத்தோம். ஆனால் ஃபோல்டரும் இல்லை, பெயரும் இல்லை. எஃப் என்ற எழுத்தும் ஒரு நீளமான எண்ணுமாக ஆயிரக்கணக்கான ஃபைல்கள். எது நலங்கு, எது வரவேற்பு என்று என் தங்கை இன்னும் பிரித்துக்கொண்டிருக்கிறாள். பேக்கப் இல்லாமல் யாருடைய டிஸ்க்கையும் நான் அதற்குப் பிறகு தொட்டதில்லை.

பேக்கப் என்றால் வேறொரு டிஸ்க்கில் இருக்க வேண்டும். அதே டிஸ்க்கின் ஈ டிரைவில் காப்பி எடுப்பது பேக்கப் ஆகாது, பட்டா கிழிந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். யுஎஸ்பி 3 எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் 240 ஜிபி காப்பி ஆக ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். சின்னச் சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

காப்பி முடிந்ததும் சரிபாருங்கள். இரண்டு பக்கமும் ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸில் ஃபைல் எண்ணிக்கையும் மொத்த பைட் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அங்கங்கே பத்துப் போட்டோ, ஒரு வீடியோ, ஒரு எக்செல் ஃபைலைப் பேக்கப்பிலிருந்தே திறந்து பாருங்கள். டேலி வைத்திருப்பவர்கள் டேலியை மூடிவிட்டு டேட்டா ஃபோல்டரை எடுங்கள். அது எந்த டிரைவில் இருக்கிறது என்று டேலியிலேயே தெரியும். மறைந்த ஃபைல்களையும் காட்டும்படி வைத்துவிட்டுக் காப்பி எடுங்கள். சிலர் டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் ஃபோல்டர்களையே டி-க்கு மாற்றி வைத்திருப்பார்கள், அதையும் கவனியுங்கள்.

சி டிரைவுக்கும் பேக்கப் வேண்டும் என்றால் க்ளோன்ஜில்லா அல்லது ரெஸ்க்யூஜில்லா என்ற இலவச மென்பொருளை பென் டிரைவில் போட்டு பூட் செய்து முழு டிஸ்க்கையும் இமேஜாக (அச்சு அசல் நகலாக) எடுக்கலாம். ரெஸ்க்யூஜில்லா புதியவர்களுக்குச் சுலபம்.

டிஸ்க் நலமாக இருக்கிறதா?

சாகப்போகும் டிஸ்க்கில் இந்த வேலை செய்தால் அது அன்றைக்கே போய்விடலாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள். ‘குட்’ என்று நீலத்தில் இருந்தால் சரி. ‘காஷன்’ என்று மஞ்சளில் இருந்தால் 05, சி5, சி6 என்ற வரிசைகளைப் பாருங்கள். கெட்டுப்போன இடங்கள், படிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்கள் ஆகியவற்றின் எண்ணிக்கை அங்கே இருக்கும். அங்கே எண் ஏறியிருந்தால் பார்ட்டிஷன் யோசனையை விட்டுவிட்டு, டேட்டாவை எடுத்துக்கொண்டு புது டிஸ்க் வாங்குங்கள்.

அடுத்து ஃபைல் சிஸ்டம். சி-யிலும் டி-யிலும் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ், டூல்ஸ், ‘செக்’ என்று போய் ஒருமுறை ஓடவிடுங்கள். பிழை இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

புது லேப்டாப்களில் இன்னொன்று இருக்கிறது: டிஸ்க்கில் உள்ளதை யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் பிட்லாக்கர். விண்டோஸ் 11 ஹோம் பதிப்பில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற பெயரில் இருக்கும். நாம் போடாமலே அது ஆன் ஆகியிருக்கலாம். 24எச்2 வெர்ஷனில் புதிதாக இன்ஸ்டால் செய்யும்போது பெரும்பாலும் தானாகவே ஆன் ஆகிறது. வேலையைத் தொடங்கும் முன் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து 48 இலக்க ரிகவரி கீயைப் பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள். போனில் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் பயாஸில் செக்யூர் பூட்டை மாற்றிவிட்டு, நீலத்திரையில் கீ கேட்டு நிற்கும் லேப்டாப்பை யாராலும் திறக்க முடியாது.

கடைசியாக, லேப்டாப் என்றால் சார்ஜரைச் சொருகுங்கள். பேட்டரியும் நிறைந்திருக்கட்டும். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ்.

நான் எல்லாருக்கும் சொல்லும் வழி

மேலே சொன்னபடி பேக்கப் எடுத்துவிட்டீர்கள், சரிபார்த்தும்விட்டீர்கள் என்றால், டி-யை நகர்த்த வேண்டிய அவசியமே இல்லை. அதை அழித்துவிட்டுப் புதிதாக உண்டாக்கி ஃபைல்களைத் திரும்பப் போட்டுவிடலாம். எந்த டூலும் வெளியிலிருந்து வேண்டாம், எந்த நேரத்தில் கரண்ட் போனாலும் பேக்கப் பத்திரமாக வேறு டிஸ்க்கில் இருக்கிறது. பயமில்லாமல் செய்யக்கூடியது இதுதான் என்பது என் முடிவு.

சி 100 ஜிபி, டி 831 ஜிபி, டி-யில் 240 ஜிபி டேட்டா. சி-யை 200 ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். (1 டிபி என்று வாங்கியது விண்டோஸில் 931 ஜிபி என்றுதான் தெரியும். கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் கணக்கிடுகிறது. இடம் எங்கும் போகவில்லை.)

1. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். கீழ்ப்பாதியில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று பட்டை பட்டையாக இருக்கும். எக்ஸ்டர்னல் டிஸ்க் இதில் எது என்று அளவை வைத்து அடையாளம் கண்டுகொள்ளுங்கள். பேக்கப் முடிந்த பிறகு அதைக் கழற்றிவிடுவது இன்னும் நல்லது. இந்தத் திரையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

2. டி-யிலிருந்து ஓடும் சாஃப்ட்வேர் ஏதாவது இருந்தால் நீக்குங்கள் அல்லது மூடுங்கள். பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் ஃபைல்) டி-யில் வைக்கப்பட்டிருந்தால் அதை சி-க்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

3. டி மேல் ரைட் கிளிக், ‘டெலீட் வால்யூம்’. அது டி-தானா என்று எழுத்தையும் அளவையும் சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டு ‘யெஸ்’ கொடுங்கள்.

4. இப்போது அந்த இடத்தின் மேல்பட்டை கறுப்பாகி ‘அன்அலோகேட்டட்’ என்று வர வேண்டும். கறுப்புக்குப் பதிலாக இளம்பச்சையில் ‘ஃப்ரீ ஸ்பேஸ்’ என்று வந்தால், உங்களுடையது எம்பிஆர் டிஸ்க், டி ஒரு எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் இருந்தது என்று அர்த்தம். அந்தப் பச்சைப் பெட்டிக்குள் ஈ, எஃப் என்று வேறு டிரைவ் இல்லை என்றால், இன்னொரு முறை ரைட் கிளிக் செய்து ‘டெலீட் பார்ட்டிஷன்’ கொடுங்கள். பிறகு கறுப்பாகும். வேறு டிரைவ் இருந்தால் நிறுத்துங்கள். அவற்றுக்கும் பேக்கப் எடுத்த பிறகுதான் அடுத்த அடி.

5. சி மேல் ரைட் கிளிக், ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’. எம்பி கணக்கில் கேட்கும். 100 ஜிபி என்றால் 102400 என்று அடியுங்கள். ஜிபியை 1024-ஆல் பெருக்கினால் போதும்.

6. மிச்சமிருக்கும் கறுப்புப் பகுதியில் ரைட் கிளிக், ‘நியூ சிம்பிள் வால்யூம்’. எழுத்து டி-யாகவே இருக்கட்டும், என்டிஎஃப்எஸ், குவிக் ஃபார்மட். எழுத்து மாறாமல் இருந்தால்தான் பழைய ஷார்ட்கட்களும் டேலியின் டேட்டா வழியும் அப்படியே வேலை செய்யும்.

7. பேக்கப்பிலிருந்து ஃபைல்களைத் திரும்பக் காப்பி செய்யுங்கள். பேக்கப்பை உடனே அழிக்காதீர்கள். ஒரு மாதம் கழித்து அழியுங்கள்.

இதில் எங்காவது ‘டைனமிக் டிஸ்க் ஆக மாற்றவா’ என்று விண்டோஸ் கேட்டால் ‘நோ’ கொடுங்கள். ஒட்டி இல்லாத காலி இடத்தைச் சேர்க்கப் பார்த்தால் இந்தக் கேள்வி வரும். மாற்றிவிட்டால் பழையபடி பேசிக் டிஸ்க்காக டேட்டாவோடு திருப்புவதற்கு விண்டோஸில் வழி கிடையாது.

நடுவில் நிற்கும் ரிகவரி பார்ட்டிஷன்

டி-யை அழித்த பிறகும் ‘எக்ஸ்டெண்ட்’ மங்கலாக இருக்கிறதா? சி-க்கும் கறுப்புக்கும் நடுவில் 500 எம்பியிலிருந்து 1 ஜிபி வரை ஒரு சின்னப் பெட்டி நிற்கும், ‘ரிகவரி பார்ட்டிஷன்’ என்று எழுதியிருக்கும். 2020-க்குப் பிறகு வந்த விண்டோஸ் 10, 11 இன்ஸ்டாலேஷன்களில் இதை சி-க்கு அடுத்தே வைக்கிறார்கள். விண்டோஸ் பூட் ஆகாதபோது பழுதுபார்க்க உதவும் பகுதி இது. அதனால் அழித்துவிடாமல் வலது பக்கம் தள்ளுவதே நல்லது. சின்னது என்பதால் நகர்த்தினாலும் ஓரிரு நிமிடம்தான்.

கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ரீஏஜென்ட்சி /டிஸேபிள் என்ற கட்டளையைக் கொடுங்கள். (கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன், ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.) அது ரிகவரிக்கான முக்கிய ஃபைலை சி-க்குள் பத்திரப்படுத்திக்கொள்ளும். அப்புறம் கீழே சொல்லப்போகும் ஜிபார்ட்டெட் மூலம் அந்தப் பெட்டியைக் கறுப்புப் பகுதியின் வலது ஓரத்துக்கு நகர்த்துங்கள். விண்டோஸுக்குத் திரும்பி சி-யை நீட்டிய பிறகு ரீஏஜென்ட்சி /எனேபிள். கடைசியில் ரீஏஜென்ட்சி /இன்ஃபோ கொடுத்து ‘எனேபிள்டு’ என்று வருகிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

இந்தப் பெட்டி ரொம்பச் சின்னதாக இருந்ததால் 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி5034441 அப்டேட் பலருக்கும் இன்ஸ்டால் ஆகாமல் நின்றது. அதற்கு ரிகவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலியாக இருக்க வேண்டியிருந்தது. சாதாரணமாக வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களும் பார்ட்டிஷன் அளவை மாற்றும் கட்டளைகளைத் தேட வேண்டிய நிலை வந்தது. அதனால் ரிகவரி பெட்டியை நகர்த்தும்போது அதற்கு 1 ஜிபி கொடுத்துவிடுவது என் பழக்கம்.

அதே டிஸ்க்கில் 100 அல்லது 260 எம்பியில் ‘ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்’ என்று ஒன்று இருக்கும். கம்ப்யூட்டர் பூட் ஆவது அதிலிருந்துதான். அதைத் தொட வேண்டாம்.

சி-யைச் சுருக்கி டி உண்டாக்குவது

புது லேப்டாப்களில் இதற்கு நேர் எதிரான தேவை வரும். 512 ஜிபி எஸ்எஸ்டி முழுவதும் ஒரே சி-யாக, 475 ஜிபியாக இருக்கும். அதைப் பிரித்து டி வேண்டும். சி மேல் ரைட் கிளிக், ‘ஷ்ரிங்க் வால்யூம்’. வரும் பெட்டியில் நீங்கள் அடிக்கும் எண், சி-யிலிருந்து வெட்டி எடுக்க வேண்டிய அளவு. மிச்சம் இருக்க வேண்டிய அளவு அல்ல. 200 ஜிபி டி வேண்டும் என்றால் 204800.

இங்கே வரும் தலைவலி: சி-யில் 380 ஜிபி காலியாக இருக்கும், விண்டோஸ் 40 ஜிபிதான் சுருக்க முடியும் என்று சொல்லும். வலது ஓரத்தில் நகர்த்த முடியாத ஃபைல் ஒன்று உட்கார்ந்திருப்பதுதான் காரணம். எது என்று விண்டோஸே சொல்லும். ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் என்று போய் 259 என்ற எண்ணுள்ள பதிவைத் திறந்தால், தடுத்து நிற்கும் ஃபைலின் பெயர் இருக்கும். பெரும்பாலும் நான்கில் ஒன்று: பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் பதிவுகள், அல்லது என்டிஎஃப்எஸ்ஸின் சொந்தக் குறிப்பேடான எம்எஃப்டி.

முதல் மூன்றையும் தற்காலிகமாக விலக்கலாம். கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி /ஹைபர்னேட் ஆஃப் கொடுத்தால் ஹைபர்னேஷன் ஃபைல் போய்விடும். சிஸ்டம் பிராப்பர்டீஸில் அட்வான்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ், விர்ச்சுவல் மெமரி என்று போய் ‘நோ பேஜிங் ஃபைல்’ வைக்கலாம். சிஸ்டம் புரொடெக்‌ஷனை நிறுத்தலாம். பழைய ரீஸ்டோர் பாயிண்ட்கள் அழிந்துவிடும் என்பது நினைவிருக்கட்டும். ரீஸ்டார்ட் செய்து மறுபடி ‘ஷ்ரிங்க்’ பாருங்கள். 40 என்றது 200-ஐத் தாண்டிப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வேலை முடிந்ததும் மூன்றையும் மறக்காமல் திரும்ப ஆன் செய்யுங்கள். எம்எஃப்டிதான் தடை என்றால் அடுத்துச் சொல்லப்போகும் ஜிபார்ட்டெட்டில் வெளியிலிருந்து சுருக்கலாம்.

எஃப்ஏடி32-ல் ஃபார்மட் செய்த பார்ட்டிஷனுக்கு இந்த மெனுக்கள் வேலை செய்யாது. என்டிஎஃப்எஸ்ஸுக்குத்தான்.

ஜிபார்ட்டெட்: எப்போது, எப்படி

ஜிபார்ட்டெட் லைவ் என்பது பென் டிரைவிலிருந்து பூட் ஆகும் இலவச மென்பொருள். விண்டோஸ் ஓடாத நேரத்தில் வெளியிலிருந்து வேலை செய்வதால் எந்த வேலியையும் நகர்த்தும். இடது வேலி உட்பட. அதன் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் மூலம் பென் டிரைவில் எழுதி, ஆன் செய்யும்போது எஃப்12 அல்லது எஸ்கேப் அழுத்தி பென் டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பூட் செய்யும் முன் விண்டோஸை முழுமையாக அணைக்க வேண்டும். விண்டோஸ் 8-லிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்று ஒன்று இருக்கிறது. ‘ஷட்டவுன்’ கொடுத்தாலும் பாதித் தூக்கத்தில்தான் போகும், ஃபைல் சிஸ்டம் திறந்தபடியே இருக்கும். அந்த நிலையில் ஜிபார்ட்டெட் மறுத்துவிடும், மறுப்பதும் நல்லதுதான். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ‘ஷட்டவுன்’ கொடுத்தால் முழுமையாக அணையும்.

உள்ளே போனதும் வலது மேல் மூலையில் சரியான டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் பார்த்த சி, டி எழுத்துகள் இங்கே இருக்காது. அளவையும், முன்பு எடுத்த போட்டோவையும் வைத்து அடையாளம் காண வேண்டும். பார்ட்டிஷன் மேல் ரைட் கிளிக் செய்து ‘ரீசைஸ்/மூவ்’. வரும் படத்தில் இரண்டு ஓரத்திலும் அம்புக்குறி இருக்கும். வலது அம்பு சுலபம். இடது அம்பைத் தொட்டால், அல்லது மொத்தப் பெட்டியையும் இழுத்தால், அது ‘மூவ்’. ‘அலைன் டு’ என்ற இடத்தில் எம்ஐபி என்றே இருக்கட்டும். மாற்றினால் எஸ்எஸ்டியின் வேகம் குறையலாம். மேலே பச்சை டிக்கை அழுத்தும் வரை டிஸ்க்கில் எதுவும் மாறாது. அழுத்திய பிறகு நிறுத்தக் கூடாது.

ஜிபார்ட்டெட் பார்ட்டிஷனை நகர்த்தும்போது காலி இடத்தையும் சேர்த்தே படித்து எழுதுகிறது. 240 ஜிபி டேட்டாதானே என்று நினைக்கக் கூடாது. டி 731 ஜிபி என்றால் 731 ஜிபியும் நகரும். அதே ஹார்ட் டிஸ்க்கில் படித்து அதிலேயே எழுதுவதால் நான்கைந்து மணி நேரம் சாதாரணம். கட்டாயம் நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் முதலில் டி-யை வலது வேலியால் முடிந்த அளவு, டேட்டாவுக்குக் கொஞ்சம் மேலே 280 ஜிபி வரை சுருக்குங்கள். பிறகு அந்தச் சின்னப் பெட்டியை நகர்த்துங்கள். கடைசியில் வலது வேலியைத் திரும்ப நீட்டுங்கள். 731-க்குப் பதிலாக 280 ஜிபிதான் நகரும், அதாவது மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

பிட்லாக்கர் பூட்டிய பார்ட்டிஷனை ஜிபார்ட்டெட் தொட முடியாது. முதலில் விண்டோஸில் என்கிரிப்ஷனை முழுமையாக எடுக்க வேண்டும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் செய்வதானால் ‘சஸ்பெண்ட்’ போதும்.

விண்டோஸோடு உபுண்டுவும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸின் சி-யைச் சுருக்குவதை விண்டோஸுக்குள்ளேயே செய்யுங்கள், லினக்ஸ் பக்கத்தை ஜிபார்ட்டெட்டில் செய்யுங்கள். லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்டி4 ஓடிக்கொண்டிருக்கும்போதே நீளும், ஆனால் சுருக்க அன்மவுண்ட் செய்தாக வேண்டும். இன்னொரு லினக்ஸ் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்எஃப்எஸ் நீளும், சுருங்காது. கட்டளைகளால் செய்பவர்கள் வரிசையை மாற்றிவிடக் கூடாது: சுருக்கும்போது முதலில் ஃபைல் சிஸ்டம், பிறகு பார்ட்டிஷன், நீட்டும்போது முதலில் பார்ட்டிஷன், பிறகு ஃபைல் சிஸ்டம். முதலில் வேலியை உள்ளே இழுத்தால் வெளியே நிற்கும் வீடுகள் போய்விடும்.

ஏதாவது தவறாகிவிட்டால்

‘ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்டால் ‘கேன்சல்’. அந்த டிஸ்க்கில் அதன் பிறகு எதையும் எழுதக் கூடாது, ரிகவரி சாஃப்ட்வேரையும் அதில் இன்ஸ்டால் செய்யக் கூடாது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டுங்கள்.

தவறான பார்ட்டிஷனை டெலீட் செய்துவிட்டீர்கள், அதன்மேல் வேறெதுவும் செய்யவில்லை என்றால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். டெலீட் செய்வது பட்டாவில் ஒரு வரியை அழிப்பதுதான், வீடுகள் அங்கேயே நிற்கின்றன. ஃபோட்டோரெக்கை எழுதிய கிறிஸ்டோஃப் கிரெனியே உருவாக்கிய டெஸ்ட்டிஸ்க் இதற்கானது. டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து ‘அனலைஸ்’, ‘குவிக் சர்ச்’ என்று போனால் தொலைந்த பார்ட்டிஷனைக் காட்டும். அதன்மேல் நின்று ‘பி’ கீயை அழுத்தினால் உள்ளே இருக்கும் ஃபைல்களின் பட்டியல் வரும். உங்கள் ஃபோல்டர் பெயர்கள் அங்கே சரியாகத் தெரிந்தால் மட்டும் ‘ரைட்’ கொடுங்கள்.

எஸ்எஸ்டியில் டெலீட் செய்த இடத்தை ஃபார்மட்டும் செய்துவிட்டால் நிலைமை வேறு. ஃபார்மட் செய்யும்போது விண்டோஸ் டிரிம் கட்டளை அனுப்புகிறது, எஸ்எஸ்டி அந்தப் பகுதியை உண்மையாகவே காலி செய்யத் தொடங்கிவிடும். நடுவில் நின்றுபோன ‘மூவ்’ வேலையும் டெஸ்ட்டிஸ்க்கால் சரியாகாது. பாதி வீடுகளின் கதவு எண்ணும் இடமும் பொருந்தாது. அந்த நிலையில் ஃபோட்டோரெக்கை மட்டும் ஓடவிட்டு, கிடைக்கும் ஃபைல்களை வேறு டிஸ்க்கில் சேமித்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் கேட்டால் அதுவும் வேண்டாம். உடனே கரண்டை நிறுத்திவிட்டு, டேட்டா மீட்பதையே தொழிலாகச் செய்பவர்களிடம் கொண்டுபோங்கள்.